பூஜை அலமாரியில் இருந்த மீட்டர்

அந்தச் சாயப்பட்டறை முதலாளியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். ஓரிக்கைப் பக்கம் இருந்தது பட்டறை. தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே வேலைக்குப் போனோம். நான் பட்டு நூலைச் சாயத்தில் முக்கி அலசுகிறவள். அவர் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். விறகு போட்டு, தண்ணீர் விட்டு, சாயத் தொட்டிகளுக்கு நீராவி அனுப்ப வேண்டும். உள்ளே ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட பாய்லர் தலையில் ஒரு பிரஷர் மீட்டர். அதன் முள்ளை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது.

அந்த முள்ளோ அசையாது. அடுப்பு எரிந்தாலும் அணைந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும். இவர் கிட்டே போய் விரல் முட்டியால் கண்ணாடியை டொக்டொக்கென்று தட்டுவார். தட்டினால் கொஞ்சம் நடுங்கி நகரும். அதை வைத்துக்கொண்டு விறகைக் கூட்டுவார், குறைப்பார். 

மீட்டர் கெட்டதே முதலாளியால்தான். பாய்லருக்கும் மீட்டருக்கும் நடுவே சுருட்டிவிட்ட குழாய் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். கொதிக்கிற ஆவி நேரே மீட்டருக்குள் பாயாமல் தடுக்கும். எங்கள் பட்டறையில் சூடான இடம் எதைக் கண்டாலும் ஈர நூலைக் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். அந்தச் சுருளையும் விட்டுவைக்கவில்லை. துரு பட்டு ஒரு சிட்டம் வெள்ளை நூல் கறையாகிவிட்டது. “அந்தச் சனியனைக் கழட்டிப் போடுப்பா” என்றார் முதலாளி. சுருள் போய் நேர்க் குழாய் வந்தது. நூல் பிழைத்துக்கொண்டது.

இவர் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் புது மீட்டர் வந்தது. பித்தளை வளையம் பளபளவென்று மின்னியது. எனக்கும் சந்தோஷம்தான். முதலாளி அதை எங்கே வைத்தார் தெரியுமா? பூஜை அலமாரியில். பட்டுத் துணி விரித்து, சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“மொதலாளி, அத மாட்டிடலாங்க. பழசு வேலைக்கு ஆவல” என்றார் இவர்.

“ஏம்பா அவசரப்படுற? இங்க எந்நேரமும் ஆவி அடிச்சிக்கினு இருக்குது. மாட்டினா ஆறு மாசத்துல கறுத்துப் பூடும். ஒரு பொருளைக் காபந்து பண்ணக் கத்துக்கப்பா.”

பாய்லர் பார்க்க அதிகாரி வரும் நாளில் மட்டும் அது பாய்லரில் ஏறும். அவர் ஜீப் திரும்பிப் போய்த் தெருமுனையைத் தாண்டியதும் முதலாளி கழற்றச் சொல்லுவார். வெற்றிலை நாற்றமடிக்கிற வாயால் கண்ணாடிமேல் ஊதி, தோள் துண்டால் துடைத்து, திரும்ப அலமாரியில் வைப்பார். சொந்தப் பேத்தியின் மூக்கைக்கூட அப்படிப் பதமாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. சீ, என்ன ஜென்மமோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

“இந்த வேலைய வுட்டுட்டு வா, வேற பொழப்பு பாத்துக்கலாம்” என்று வீட்டில் சண்டை போட்டேன்.

“பழகின பாய்லரும்மா. அதோட கொணம் எனக்குத் தெரியும்” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை. நான் அரக்குச் சாயம் முக்கிய நூலை அலசிக்கொண்டிருந்தேன். பாய்லர் பக்கம் பட்டென்று ஒரு சத்தம், பிறகு ஆவி சீறுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கிறார். வழக்கம்போல் கிட்டே போய் மீட்டரைத் தட்டியிருக்கிறார். சுருள் இல்லாமல் நேராக ஏறிய ஆவி உள்ளே அதை அரித்துத் தின்றிருக்கிறது. அது வெடித்துக் கண்ணாடி முகத்தில் தெறித்துவிட்டது.

இடது கண் இனித் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“எல்லாம் நேரம்மா. நல்ல வேளை, புதுச மாட்டல. மாட்டியிருந்தா அதுவும் போயிருக்கும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அதுவரை அவரிடம் நான் நிமிர்ந்து பேசியதில்லை.

“புதுசா அப்படியே தான இருக்குது? கொண்டாந்து இவரு கண்ணுல மாட்டி வுடு” என்றேன்.

ஆப்பிள் பையை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் புது மீட்டரை மாட்டிவிட்டார்களாம். கூட வேலை செய்தவள் வந்து சொன்னாள். பாய்லருக்கு வேறு ஆள் வந்துவிட்டாராம். மீட்டர் கறுத்துவிடக் கூடாதென்று முதலாளியே பிளாஸ்டிக் கவரைப் போட்டு, பட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறாராம். கவருக்குள் வேர்த்துப்போய் முள்ளே தெரியவில்லை என்றாள்.