உட்காரச் சொல்லிக்கொடுத்த சனிக்கிழமைகள்

வேலை கொடுக்கிறவருக்கும் வேலை கேட்கிறவனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான், ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கும் பர்சனல் கிளார்க்கின் உத்தியோகம். உங்களில் யாராவது எந்தக் கம்பெனியிலாவது அந்த உத்தியோகம் பார்த்திருந்தால், இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு மேலே படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், வில்லியனூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு பம்ப்செட் மோட்டார் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். 'உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்' என்று ஊர் எங்களைத் திட்டியது. 'எடுக்கலாம் என்று கூப்பிட்டால் ஒரு பிள்ளையும் வாயைத் திறப்பதில்லை' என்று எங்கள் மானேஜர் ராகவன் ஊரைத் திட்டினார். அவர் மெட்ராஸ்காரர். இரண்டு திட்டும் என் மேஜை வழியாகத்தான் போய் வந்தன.

கடைசியில் மூன்று பேர் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எங்கள் மானேஜர் ஒருவர், ஜவுளிக்கடை காதர் பாய் ஒருவர், ரைஸ் மில் சிங்காரம் ஐயா ஒருவர். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பிள்ளைகளுக்கு ஹைஸ்கூலில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்துவது. காலேஜில் எப்படிச் சேருவது, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று தயார் செய்வது. வருஷக் கடைசியில் மூவரும் சேர்ந்து ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தங்கள் செலவில் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடுவது. வகுப்பை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது, கம்பெனியில் எந்த மெஷினும் ஓட்டத் தெரியாத ஒரே ஆளாக நான் அகப்பட்டேன்.

நாற்காலி காலியாக இருந்தது

முதல் சனிக்கிழமை ஒரு மேஜை போட்டேன். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நான் அதிகாரி, வருகிற பிள்ளை வேலை கேட்டு வருகிறவர். பாடம் இவ்வளவுதான்: உள்ளே வர வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வணக்கம் வரைக்கும் எல்லோரும் பாஸ். 'உட்காருப்பா' என்றதும் வண்டி நின்றுவிட்டது. ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒருவன் நாற்காலியை மரியாதையாக ஓரம் தள்ளி வைத்துவிட்டு நின்றான். இன்னொருவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கேளுங்க சார்" என்றான். பெரியவர்களுக்கு எதிரே நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவர்களுக்கு அம்மா, அப்பா, ஊர் எல்லாம் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம். என்னுடைய ஒரு மணி நேரப் பாடம் அதன் முன்னால் எந்த மூலைக்கு?

மண்ணாடிப்பட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிற ஒரு பையன், பேச்சில் கெட்டிக்காரன். இவனாவது உட்காருவான் என்று நம்பி, கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டி ரகசியமாகச் சொன்னான்: "நான் உக்காந்துடுவேன் சார். ஆனா எங்க மாமா வெளிய நின்னு பாத்துகினு கீறாரு, வூட்டுக்குப் போனா தோல உரிச்சிடுவாரு."

பாய் வைத்த பரீட்சை

நான் கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்குப் பயம் வருவதில்லை என்று, காதர் பாயை ஒரு சனிக்கிழமை அதிகாரியாக உட்கார வைத்தேன். பாய் ரொம்பத் தங்கமான மனுஷர். வரும்போதே எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார். அதிகாரி கையால் சமோசா சாப்பிட்ட பிறகு பயம் எங்கிருந்து வரும்?

ஆனால் கேள்வியில் மனுஷர் விடவில்லை. "ஒரு அம்மா வராங்க. கடையில இருக்கற புடவையெல்லாம் பிரிச்சிப் பாக்கறாங்க. ஒண்ணும் புடிக்கலன்னு எழுந்துக்கறாங்க. நீ இன்னா பண்ணுவ?" என்று அந்த மண்ணாடிப்பட்டுப் பையனிடம் கேட்டார். அன்றைக்கு மாமா வராததால் அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "தண்ணி குடுப்பேன் பாய். அவங்க குடிக்கிறதுக்குள்ள, மொதல்ல பிரிச்ச புடவையத் திரும்ப மேல எடுத்துப் போடுவேன். அதத்தான் வாங்குவாங்க" என்றான்.

பாய் அசந்துபோனார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தால், பாய் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தான். காலேஜுக்கென்று நான் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையை இப்படிக் கொத்திக்கொண்டு போகலாமா என்று சண்டைக்குப் போனேன். பாய் எனக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரித்தார்: "நீங்க தயார் பண்ணுங்க சார், தயார் ஆனத நான் எடுத்துக்கறேன்."

ஏன் இந்த வேலை வேண்டும்?

இந்தக் கேள்வியை எல்லோரையும் கேட்டேன். எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ, "நாட்டுக்குத் தொண்டு செய்ய" என்று ஒரே குரலில் பதில் வந்தது. பம்ப்செட் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதில் நாட்டுக்கு என்ன தொண்டு என்று எனக்கே விளங்கவில்லை. எங்கள் மானேஜர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வகுப்பில் நான்கு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அதில் அமுதா என்றொரு பெண், ஊர் செல்லிப்பட்டு. கணக்கில் புலி. அப்பா கோவிந்தனும் அம்மாவும் சிங்காரம் ஐயாவின் ரைஸ் மில் களத்தில் வேலை. அவித்த நெல்லை வெயிலில் கொட்டிப் பரப்பி, காய்கிற வரைக்கும் காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். லீவு நாளில் அமுதாவும் களத்துக்குப் போவாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் அங்கேயே நிரந்தரமாகப் போய்விட வேண்டியதுதான், வேறு வழி இல்லை. பாலிடெக்னிக் கிடைத்தால்தான் அவளுக்குக் களத்திலிருந்து விடுதலை. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் முறை வந்தது. நான் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகு சாய உட்கார்ந்தாள். அந்த வகுப்பில் முதுகு சாய்ந்த முதல் பிள்ளை அவள்தான். கேள்வியைக் கேட்டேன். நாட்டை அவள் இழுக்கவே இல்லை. "நெல்லக் கிளறிக் கிளறிக் காலு வெந்துபோச்சி சார். நெழல்ல உக்காந்து செய்ற வேல எதுவோ, அது வோணும்."

அம்மா எடுத்த இன்டர்வியூ

இரண்டு வாரம் அமுதாவைக் காணோம். களத்தில் ஆள் போதவில்லை, சனிக்கிழமை அவளும் வந்தாக வேண்டும் என்று அம்மா நிறுத்திவிட்டாராம். மானேஜரே நேரில் வந்து பேசினால் கேட்பார்கள் என்று, அவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு செல்லிப்பட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இரும்பு நாற்காலி ஓடி வந்தது. மானேஜரை அதில் உட்கார வைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. "மாப்ள கொஞ்சம் வயசானவராத் தெரியறாரே" என்று ஒரு கிழவி என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார். மானேஜருக்கு மெட்ராஸில் காலேஜ் போகிற பெண் இருக்கிறாள்.

மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பின் பெருமை, கம்பெனியின் வளர்ச்சி எல்லாம் பேசினார். அமுதாவின் அம்மா கதவோரம் நின்று பொறுமையாகக் கேட்டார். "படிச்சி முடிச்சா உங்க கம்பெனியிலியே வேல குடுப்பீங்களா?" என்றார். நிச்சயமாக என்றார் மானேஜர். "அங்க பொம்பளைங்க எத்தினி பேரு?" ஒருவரும் இல்லை என்றார் மானேஜர், கொஞ்சம் சுருதி இறங்கி. "பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கீதா?"

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அத்தனை பெரிய கம்பெனியில் யாருக்கும் தோன்றாத கேள்வி. இன்டர்வியூவில் ஃபெயில் ஆனவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மானேஜர் முகம் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மாவே பரிதாபப்பட்டு முடித்துவைத்தார்: "அத்தக் கட்டிட்டு வந்து சொல்லுங்க சார். அதுவரிக்கும் எம் பொண்ணு படிச்சிகினு கெடக்கட்டும்."

ஐயாவுக்கு எதிரே

தேர்வு நாள் வந்தது. இடம், சிங்காரம் ஐயாவின் மில் ஆபீஸ். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கோயில், பள்ளிக்கூடம் என்று எது கேட்டாலும் கொடுப்பார். ஆனால் அவர் எதிரே யாரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காதர் பாய் உட்காருவார், அவரும் ஒரு முதலாளி என்பதால். மானேஜர் உட்காருவார், இங்கிலீஷ் பேசுவதால். மற்றவர்கள் எல்லாம் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே, பிள்ளைகளுக்கு என்று நான் கொண்டுபோய்ப் போட்ட ஒரு நாற்காலி. முதலில் வந்த பையனை மானேஜர் உட்காரச் சொன்னார். அவன் சிங்காரம் ஐயாவைப் பார்த்தான், நின்றான். அடுத்தவனும் நின்றான். அதற்கடுத்தவனும். ஒரு வருஷப் பாடம் ஐயாவின் மீசைக்கு முன்னால் பொசுக்கென்று போய்விட்டது. நின்ற பிள்ளைகளுக்கு வாயும் திறக்கவில்லை. பிறகு அமுதா வந்தாள். மானேஜர் "உட்காரும்மா" என்றார். அவளும் சிங்காரம் ஐயாவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள், முதுகு சாய.

ஐயாவின் வாயில் வெற்றிலை நின்றுவிட்டது. பாலிடெக்னிக் செலவில் பெரிய பங்கு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் இந்தப் பெண் நாளைக்கே களத்தில் நெல் கிளறப் போக வேண்டும், வகுப்பும் அத்தோடு சரி. மானேஜரும் பாயும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவள் கணக்காகப் பதில் சொன்னாள். கடைசியில் ஐயா வாயைத் திறந்தார்.

"நீ கோவிந்தன் பொண்ணுதானே? உங்கப்பன் இத்தினி வருஷமா என் களத்துல கீறான். ஒரு நாளாவது என் எதிர்ல உக்காந்து பாத்துகீறியா?"

அவள் குரலில் துளி திமிர் இல்லை. வகுப்பில் கணக்குக்கு விடை சொல்வாளே, அதே குரல்: "இல்லீங்க ஐயா. நீங்க ஒரு நாளும் உக்காருன்னு சொன்னதில்லன்னு அப்பா சொல்லும்."

மழை வந்த மத்தியானம்

ஐயா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் ஆட்கள் நெல்லைக் குவிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் கோவிந்தா! இங்க வாடா!"

கோவிந்தன் கையிலிருந்த நெல் தள்ளும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். துண்டு தானாக அக்குளுக்குப் போனது. "நான் உன்ன உக்காருன்னு சொன்னதே இல்லியாமே?" என்றார் ஐயா. கோவிந்தன் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் நாற்காலியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது பயம்தான். பிறகு வந்தது வேறொன்று, அதற்கு எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை.

"ஞாபகம் இல்லீங்க ஐயா" என்று மரியாதைக்கு ஒரு பொய் சொன்னார்.

"சரி, இப்ப சொல்றேன். உக்காரு." வராந்தாவில் இருந்த பெஞ்சைக் காட்டினார் ஐயா.

கோவிந்தன் பெஞ்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "உக்காந்தா நெல்லு நனைஞ்சிடும் ஐயா. அதான் என் பங்குக்கும் சேத்துப் பொண்ணு உக்காந்துகினு கீதே, போதும்." சொல்லிவிட்டுக் களத்துக்கு ஓடிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் ஒரு தூசியும் இல்லை.

முதல் தூறல் விழுகிற வரைக்கும் ஐயா வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அமுதாவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா முதலாளி, யாரப் போடலாம்?" என்று காதர் பாய் மெல்லக் கேட்டார். ஐயா நின்றுபோன வெற்றிலையைத் திரும்ப மென்றுகொண்டே சொன்னார்: "இந்தப் பொண்ணயே அனுப்பிடுங்க பாய். இங்கியே இருந்தா நாளைக்கு என் நாற்காலியக் கேக்கும்."

பிறகு

அமுதா பாலிடெக்னிக்கை முடித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கே வந்தாள். அவள் டிப்ளமா முடித்த பிறகுதான் கம்பெனியில் பெண்களுக்கான கக்கூஸ் கட்டி முடிந்தது. வேலையில் சேருவதற்கு முந்தின நாள் அவள் அம்மா வந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். சிங்காரம் ஐயா அடுத்த வருஷத் தேர்வுக்கு நான் நாற்காலி கொண்டுபோகும் முன்பே தன் செலவில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார். நிற்கவும் வேண்டாம், சாயவும் வேண்டாம் என்பது அவர் ஏற்பாடு. பிள்ளைகள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாகவே பதில் சொன்னார்கள். "எப்பிடி நம்ம ஐடியா?" என்று ஐயா என்னைக் கேட்டார், நானும் பிரமாதம் என்றேன், சுவரோரமாக நின்றபடி.

அந்த வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், உட்காரச் சொல்லிக்கொடுத்த நான் மட்டும் சிங்காரம் ஐயா எதிரே கடைசிவரை நின்றுகொண்டே ரிட்டையர் ஆனேன்.