ரேஸ் அக்கா சொன்ன நாலாவது இடம்

எங்கள் தெருவில் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தெருவில் பாதிப் பேருக்கு நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகம் தெரிகிறது. ஆனாலும் நான் 'ரேஸ் அக்கா வீட்டுக்காரர்'தான். கடைக்கு வருகிறவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படித்து முடித்ததும், குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமைக்கு அக்கா என்ன சொல்றாங்க?" என்பார். பத்திரிகையில் வரும், வாங்கிப் பாருங்கள் என்பேன். "வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியாமலா இருக்கும்?" என்று கண்ணடிப்பார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அந்த ரேஸ் அக்கா என் மனைவி. ஒரு மாலைப் பத்திரிகையில் குதிரைப் பந்தயப் பக்கம் அவள் பொறுப்பு. எந்த ஓட்டத்தில் எது முதலில் வரும், எது இரண்டாவது, எது நாலாவது என்று முதல் நாளே எழுதிவிடுவாள். அவள் இதுவரை ஒரு குதிரை மேலும் பணம் கட்டியதில்லை. "கட்டிட்டா அப்புறம் குதிரையே கண்ணுக்குத் தெரியாதுங்க" என்பாள். அந்தப் பத்திரிகையில் அவள் பிழை திருத்தும் வேலைக்குத்தான் போனாள். பந்தய முடிவுகளைப் பொடி எழுத்தில் போடுவார்கள். யாரும் தொட விரும்பாத அந்தப் பக்கத்தைப் புது ஆள் தலையில் கட்டினார்கள். இவளோ எழுத்துப் பிழையோடு சேர்த்து, 'இந்தக் குதிரை ஈரத் தரையில மட்டும் ஏன் நல்லா ஓடுது?' என்று ஓரத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே இவள் கைக்கு வந்துவிட்டது.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். கம்ப்யூட்டரில் பழைய ஓட்டங்களைப் போட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒரே ஓட்டத்தை ஒவ்வொரு குதிரைக்காகவும் தனித்தனியாகப் பார்ப்பாள். போன தடவை கடைசிக்குப் பக்கத்தில் வந்த ஒரு குதிரையை ஒரு நாள் முதல் இடத்தில் எழுதினாள். "இதையா?" என்று சிரித்தேன்.

"சும்மா சிரிக்காதீங்க. அன்னிக்கு மழை பேஞ்ச தரை. முதுகுல எடை அதிகம். முன்னாடி போன ரெண்டும் வழியை அடைச்சுக்கிட்டு போச்சு. கடைசியில வழி கிடைச்சதும் பாருங்க, எப்படிப் போகுதுன்னு. நாளைக்குத் தரை காய்ஞ்சிருக்கு, எடை குறைச்சிருக்காங்க, தூரமும் அதிகம்."

நானும் அதே படத்தைத்தான் பார்த்தேன். குதிரைகள் ஓடின, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஒவ்வொன்றின் குணமும், கோபமும், சோம்பேறித்தனமும் தெரிந்தன. மறுநாள் அந்தக் குதிரை முதலில் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். தப்பாகிப்போன வாரங்களில் காய்கறிக் கடைக்காரர் எங்களுக்கு வாடின காயாகப் பார்த்துப் போடுவார்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி ஒரு ஜாக்கி. அக்கா பந்தயத்தைப் பற்றி எழுதுகிறாள், தம்பி பந்தயத்தில் ஓட்டுகிறான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: அவன் வந்தால் பந்தயப் பேச்சு கிடையாது. அது மட்டுமில்லை. மற்ற ஜாக்கிகள் ஒவ்வொருவரின் கைப்பழக்கமும் அவளுக்கு அத்துப்படி. யார் அவசரக்காரன், யார் கடைசியில் கோட்டை விடுவான் என்றெல்லாம் சேர்த்துத்தான் எழுதுவாள். தம்பி ஏறும் ஓட்டம் என்றால் குதிரையை மட்டும் பார்ப்பாள். "தம்பிக்காக அக்கா தூக்கி எழுதுறான்னு ஒரு வார்த்தை வந்துடக் கூடாது" என்பாள். அவனை மனதில்கூட எடைபோட மாட்டாள்.

போன மழைக்காலத்தில் அவன் விழுந்தான். வளைவில், உள்வேலியை ஒட்டி ஒரு சந்து கிடைத்தது என்று நுழைந்தான். பக்கத்துக் குதிரை சாய்ந்தது, சந்து மூடியது. தோள் எலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தான். தேறி வந்து மறுபடி ஏறினான். அதற்கப்புறம் ஒரு வெற்றிகூட இல்லை. ஒவ்வொரு லாயமாக அவனைக் கைவிட்டது. ஒரே ஒரு டிரெய்னர் மட்டும் தன் செங்குதிரையை அவனிடம் விட்டு வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டத்தை மீறினான்.

"அக்கா, டிரெய்னர் சொல்லிட்டாரு. இந்த சனிக்கிழமையும் இப்படியே ஓட்டினா வேற ஆளை ஏத்துவாராம். அதுவும் போச்சுன்னா எனக்கு வேற குதிரையே இல்லைக்கா."

அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"நான் என்ன பண்றது? அதுக்கு மூச்சு பத்தலை. எனக்கு அமையுற எல்லாக் குதிரையும் இப்படித்தான் இருக்கு."

அவன் போன பிறகும் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். "எல்லாக் குதிரையுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது மேசையில் தட்டு இல்லை, சோறு இல்லை. "இங்க வாங்க" என்றாள். விழுந்து எழுந்த பிறகு தம்பி ஓட்டிய ஓட்டங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினாள். சாம்பல் நிறக் குதிரை, வளைவில் உள்வேலியை விட்டு விலகி வெளியே போனது. கறுப்புக் குதிரை, அதுவும் வெளியே. கடைசியாகச் செங்குதிரை. வேலி ஓரம் வழி திறக்கிறது. குதிரை காதை முன்னால் நீட்டி அங்கே போகப் பார்க்கிறது. அவன் கை கடிவாளத்தை வெளிப்பக்கம் இழுக்கிறது. எல்லாக் குதிரைகளையும் சுற்றிக்கொண்டு, கூடுதல் தூரம் ஓடி, கடைசியில் களைத்துப்போகிறது.

"மூச்சு பத்தாத குதிரைன்னு எழுதினேன். வளைவுல வெளிய சாயுற குதிரைன்னு எழுதினேன். வாயில்லாத ஜீவன் மேல பழி போட்டிருக்கேங்க. அவனைப் பார்க்கவே மாட்டேன்னு இருந்தேனே, அதான் இத்தனை நாளா தெரியலை."

வேறு வேறு குதிரைகள், வேறு வேறு நாட்கள். மைதானம் நிறையப் பேர் பார்த்த ஓட்டங்கள். அத்தனைக்கும் நடுவில் ஓடிய ஒரு பயத்தை இவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். கட்டிக்கொண்டவளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"அவன்கிட்ட சொல்லப் போறியா?" என்றேன்.

"சொன்னா ரோஷத்துல உள்ள நுழைவான். மறுபடி மூடிச்சுன்னா?" அவள் குரல் உடைந்தது. "சொல்லலேன்னா குதிரை போயிடும். அதை விட்டா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"போனா போகட்டும். உயிர் இருக்கும்ல? கடையில என்கூட உட்காரட்டும்."

"தான் என்ன பண்றோம்னு அவனுக்கே தெரியலை. தெரிஞ்சுக்கிட்டுக் குதிரையை விட்டா சரி. தெரியாம விடறது பாவம்."

அன்று மாலைப் பத்திரிகையில் செங்குதிரையை நாலாவது இடத்தில் போட்டிருந்தாள். பத்திரிகை வந்த சூட்டோடு மச்சினன் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாலாவதா? என்னக்கா இது? மத்தவங்க ரெண்டாவதுன்னு போட்டிருக்காங்க!"

"நீ ஓட்டுற மாதிரி ஓட்டினா நாலாவது."

"நான் எப்படி ஓட்டுறேன்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். படத்தை ஓடவிட்டாள். இரண்டாவது குதிரை வெளியே போனபோது அவன் கத்தினான். "அங்க வழியே இல்லை, வேற என்ன பண்றதாம்?" மூன்றாவதைப் பார்த்தபோது கத்தவில்லை. கடைசிப் படம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என் கையா?" என்றான்.

"உன் கைதான்."

"எனக்குத் தெரியலைக்கா. சத்தியமா தெரியலை." தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "பயமா இருக்குக்கா" என்றான்.

"எனக்கும்தான்டா. எப்படி ஓட்டணும்னு நான் சொல்ல மாட்டேன். நீ ஏறாம விட்டாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை நானும் அவளோடு மைதானத்துக்குப் போனேன். வழக்கமாக யாருடைய பேச்சையும் காதில் வாங்காமல் பைனாகுலரும் கையுமாக நிற்பவள், அன்று குதிரைகள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதை என் கையில் திணித்தாள். "என்னால முடியலை. நீங்க பார்த்து சொல்லுங்க." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஊருக்கே கண் சோதிக்கிற எனக்கு அந்த ஓட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கால்களும் புழுதியும்தான். மச்சினன் தலையில் மஞ்சள் தொப்பி என்று மட்டும் ஞாபகம் இருந்தது. வளைவு நெருங்கியது. வெளிப்பக்கத்தில் தேடினேன். சிவப்புத் தொப்பி, நீலம், வெள்ளை.

"வெளிய இருக்கானா?"

"இல்லை."

"சரியா பாருங்க!"

"இல்லைடி, வெளிய இல்லை!"

அவள் என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு குதிரைகளுக்கும் வேலிக்கும் நடுவே மஞ்சள். அந்த இடத்தில் ஓர் ஆள் நடந்து போகவே யோசிப்பான். அதற்குள் செங்குதிரை தலையை நீட்டி நுழைந்தது. பக்கத்துக் குதிரை சாய்ந்தது. வழி மூடியது. செங்குதிரை தடுமாறியது, மஞ்சள் தொப்பி கீழே போனது. அவளுக்கு என்ன சொல்வது?

மறுபடி தொப்பி மேலே வந்தது. விழவில்லை. கழுத்தோடு கழுத்தாகப் படுத்து, குதிரையை நிதானத்துக்குக் கொண்டுவந்து, வேலியை உரசிக்கொண்டே, வெளியே விலகாமல், அங்கேயே காத்திருந்தான். மறுபடி ஒரு சந்து திறந்தபோது அதிலும் நுழைந்தான். அதற்குள் முன்னே போனவர்கள் போய்விட்டார்கள். குளம்புச் சத்தம் எங்கள் காலடித் தரையை அதிர வைத்துக்கொண்டு கடந்தது. நான் பைனாகுலரை இறக்கினேன். இவ்வளவு பெரிய காரியத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

"உள்ளதான் வந்தான்" என்றேன். "ரெண்டு தடவை."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலியோரம் ஓடினோம். செங்குதிரை நுரை தள்ள நடந்து வந்தது. மச்சினன் முகமெல்லாம் மண். ஒரு கன்னம் சிராய்த்து ரத்தம் வந்தது. டிரெய்னர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே, "அடுத்த ஓட்டத்துக்கும் நீயே ஏறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். என்னிடம் கண்ணாடி வாங்கியவர்தான்.

"அக்கா, எப்படிக்கா இது? சொன்ன மாதிரியே செங்குதிரை நாலாவது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே என் மனைவி சிரித்தாள். "இல்லைங்க, தப்பா சொல்லிட்டேன். நான் சொன்ன நாலாவது இது இல்லை" என்றாள்.