பிரித்துப் பின்னிய சால்வை

அந்தச் சால்வையை நான் கடைசியாகப் பார்த்தது சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அண்ணி வீட்டில். அதை அலசி, கட்டில் மேல் துண்டு விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயப் போட்டிருந்தார். காய்ந்ததும் இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் மயில்பச்சை வரிகள் எழும்பி நின்றன. சந்தன நிறம் இடுக்குகளில் மட்டும் தெரிந்தது. திருப்பினால் சந்தனம் மேலே, பச்சை அடியில். ஆளையே சுற்றி மூடும் அளவு பெரியது, மடித்து என் கையில் வைத்தபோது ஒரு கைத்தறித் துண்டின் கனம்கூட இல்லை. “தோள்ல போட்டா போட்டதே தெரியாது, இல்ல?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அண்ணி என்று நான் சொல்வது என் அண்ணன் மனைவியை. காடாம்புலியூரில் முந்திரித்தோப்பு வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றார். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். ஒரே மகள், கனடாவில் கணவனோடு இருந்தாள். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்ன அன்றே அண்ணி புறப்படத் தயாராகிவிட்டார். விசா மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பித்தோம், பதிலே வரவில்லை. காத்திருந்த நாட்களில் ஒருநாள் மகள் வீடியோவில் பேசும்போது, “ஹீட்டர் ஓடுதும்மா, ஆனா தோள் மட்டும் நடுங்கிக்கிட்டே இருக்கு. கம்பளி போத்துனா அந்தக் கனம் எலும்புல வலிக்குது. லேசா ஏதாச்சும் பின்னி அனுப்புறியா?” என்று கேட்டாள். நோயில் விழுந்த பிறகு அவள் அம்மாவிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணி அதுவரை ஸ்வெட்டரும் குழந்தைக் குல்லாயும் பின்னியவர். லேசாகவும் இருக்க வேண்டும், சூடாகவும் இருக்க வேண்டும் என்று போனில் தேடித்தேடி ப்ரியோஷ் என்ற பின்னலைக் கண்டுபிடித்தார். இரண்டு நிறத்தில் பின்னினால் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை போட வேண்டும். முதலில் ஒரு நூலால் கடைசிவரை போய், கண்ணிகளையெல்லாம் மறுபடி ஊசியின் அந்த முனைக்கே தள்ளி, அடுத்த நூலால் அதே வரிசையைத் திரும்பவும் போட வேண்டும். நிறங்களை மகளே படுத்தபடி தேர்ந்தெடுத்தாள். மெல்லிய கம்பளி நூல் தபாலில் வந்தது. சிதம்பரத்து வெயிலில் விரல் வியர்த்து நூல் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் தட்டிக்கொள்வார். ஃபேன் போட்டால் நூல் பறந்து சிக்குகிறது என்று அதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் கடலூரில் செம்மண்டலத்தில் இருக்கிறேன். ஞாயிறானால் பஸ் ஏறிப் போய்விடுவேன். நூல் சிட்டத்தை என் இரண்டு மணிக்கட்டிலும் மாட்டிவிட்டு அவர் உருண்டையாகச் சுற்றுவார். மகள் வீடியோவில் வந்தால் முதலில் ஏதாவது பேசுவார்கள். பிறகு அவளுக்கு மூச்சு வாங்கும். “நீ பேச வேணாம்மா. பின்னிக்கிட்டு இரு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பாள். போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணி பின்னுவார். அந்தப் பக்கம் அவள் அப்படியே தூங்கிப்போவாள். அதன் பிறகும் அண்ணி போனை அணைக்க மாட்டார்.

பாதிக்கு மேல் வளர்ந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சால்வையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஆரம்பித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சேர்த்து எடுக்க வேண்டிய இரண்டு இழைகளில் ஒன்று நழுவியிருந்தது. சாதாரணப் பின்னலில் நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். இதில் ஒவ்வொரு கண்ணியின் மேலும் இன்னொரு இழை சாய்ந்து கிடக்கிறது; எது எதனுடையது என்று பிடிபடவில்லை. காலையிலிருந்து போராடியிருக்கிறார். அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகும் எனக்கு அந்த இடம் சட்டென்று தெரியவில்லை. “விட்டுடுங்க அண்ணி, இதை யாரு பாக்கப்போறா” என்றேன். “அவ பாப்பா. சின்னப் புள்ளையிலேயே என் தையல்ல கோணல் எங்கன்னு காட்டுவா. படுத்தே கெடக்குறவளுக்கு வேற என்ன வேலை? அதையேதான பாத்துக்கிட்டு இருப்பா” என்று சொல்லிவிட்டு ஊசியை உருவினார். வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்த நூலை நான் சுற்றினேன். அன்று அவர் முகத்தில் வருத்தமே இல்லை. டாக்டர்கள் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதை நம்பியிருந்தோம்.

பிரித்ததையெல்லாம் மறுபடி பின்னி முடித்து, அலசி, கூரியரில் அனுப்பினோம். அண்ணி தினமும் என்னைக் கூப்பிட்டு, “இப்ப எங்க வந்திருக்கு, பாரு” என்பார். பார்சல் கனடாவுக்குள் போய், அவர்கள் ஊருக்கு வரும் முன்பே ஏதோ ஒரு சோதனைக்காக நின்றுகொண்டிருந்தபோது மகள் இறந்துபோனாள். இறுதிச் சடங்கைப் போனில்தான் பார்த்தோம். படம் நடுநடுவே நின்றது. நின்ற படத்தில் அவள் தோள்வரை ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அண்ணி அழவில்லை. “பச்சைத் துணி போட்டுருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டார். “அத்தை, பார்சல் வந்திருக்கு. பிரிக்க மனசு வரல. என்ன செய்யட்டும்?” அண்ணி யோசிக்கவே இல்லை. “அவ படுத்திருந்த ஆஸ்பத்திரியிலயே யாருக்காவது குடுத்துடுங்க தம்பி. குளிருக்கு ஆவும்” என்றார். அவர் அப்படியே செய்தார். அடுத்த மழைக்காலத்தில் அண்ணிக்கு அது திரும்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது. மாப்பிள்ளை போய் விசாரித்தார். யாரிடம் போனது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. யாரையுமே குறை சொல்ல முடியாததால்தானோ என்னவோ, அண்ணி தன்னையே பிடித்துக்கொண்டார். அன்று பின்னலைப் பிரிக்காமல் இருந்திருந்தால் பார்சல் முன்னாடியே போயிருக்கும். அவள் தோளில் கொஞ்ச நாளாவது கிடந்திருக்கும். நான் கூரியரைச் சொல்லிப் பார்த்தேன், சோதனையைச் சொன்னேன், நோய் முற்றிய வேகத்தைச் சொன்னேன். சொன்ன எதுவும் பொய்யில்லை. எதுவும் அவரைத் தொடவில்லை. இப்போது அவர் ஒரு பட்டனைக்கூடத் தைப்பதில்லை.

போன ஞாயிறும் போயிருந்தேன். சாப்பிட்டோம். கோவில் மணி கேட்டது. கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, “அன்னைக்கு விட்டுடச் சொன்னியே. அந்தத் தப்பு நெசமாவே கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னால் அவ்வளவையும் வீணாகத்தான் பிரித்தார் என்று ஆகிவிடும். தெரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார். செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“தெரியாது,” என்றார் அண்ணியே. “எனக்கே தேடித்தான் கெடைச்சுது.”