மழைக்கு அப்பளம் பொரித்தவர்

நிர்மலாதேவி ஆக்லாந்து நகரில், காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். வீடு இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலில் போய் வருபவர். ஒரு காலத்தில் ஜப்பானில் வீடியோ கேம்களுக்கு ஒலி அமைத்தவர் என்பது உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், யாரும் கேட்டதில்லை.

பிறந்தது மலேசியாவின் தைப்பிங்கில். உதவித்தொகை கிடைத்து ஒசாகாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனார். படிப்பு முடிந்ததும் பெரிய கம்பெனி எதுவும் கூப்பிடவில்லை. 'கவாசோய்' என்ற சின்ன கேம் கம்பெனி மட்டும் கூப்பிட்டது.

விளையாட்டுக் கூடங்களில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்துகொண்டிருந்த மொரிவாகி என்பவர், மூன்று நண்பர்களோடு அரிசிக் கடை மாடியில் தொடங்கிய கம்பெனி அது. பல வருடங்கள் மற்றவர்களின் கேம்களுக்குக் கூலி வேலை செய்துவிட்டு, சொந்தமாக ஒன்றைச் செய்யத் துணிந்த நேரத்தில்தான் நிர்மலா சேர்ந்தார். ஒரு படகோட்டி மழைக்காலத்தில் ஊர் ஊராகப் பொருள் கொண்டுபோகும் கேம்.

மழைதான் சரியாக வரவில்லை. எப்படிச் செய்தாலும் பழைய ரேடியோ இரைவதுபோல் இருந்தது. ஒருநாள் மதியம் ஆபீஸ் அடுப்பில் நிர்மலா அப்பளம் பொரித்தார். அடுத்த அறையிலிருந்து மொரிவாகி ஓடி வந்தார்.

"நிர்மலா சான், நிறுத்தாதீங்க! யாராவது மைக்கைக் கொண்டு வாங்க!"

தைப்பிங்கிலிருந்து அம்மா அனுப்பிய அப்பளக் கட்டு முழுவதும் அன்று மழையாகப் பெய்தது. பொரித்ததை ஆபீஸே உட்கார்ந்து தின்று தீர்த்தது.

கேம் நன்றாக விற்றது. ஆனால், அதை வெளியிட்ட நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. போட்டிக் கம்பெனிகள் ஆட்களை இழுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், முடிவில் ஓடும் பெயர்களில் யாருடைய உண்மைப் பெயரும் வரக் கூடாது. ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். நிர்மலா 'அப்பளம்' ஆனார். ஜப்பானியர்கள் வாயில் அது 'அப்பாராமு' ஆகிவிட்டது. அவருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பெயர்கள் ஓடும் கடைசிக் காட்சியை வீடியோ கேசட்டில் பதிந்து ஊருக்கு அனுப்பினார். அப்பா தனபாலன் போனில் கேட்டார்: "ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். உன் பேரு வரலையேமா?"

நிர்மலாவுக்குச் சிரிப்பு போய்விட்டது.

கேம்கள் முப்பரிமாணத்துக்கு மாறியபோது கவாசோய் திணறியது. ஒரு பெரிய கேமில் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் மூடப்பட்டது. மொரிவாகி ஒவ்வொருவருக்கும் வேலை தேடி அலைந்தார். நிர்மலாவோ சிவனேசன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆக்லாந்துக்குப் போகவிருந்தார். அங்கே மொரிவாகிக்கு யாரையும் தெரியாது. அதனால் ஒசாகாவில் காது கேட்கும் கருவி செய்யும் நண்பர் ஒருவரிடம் நிர்மலாவைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்.

"இதுவும் காது சம்பந்தப்பட்ட வேலைதானே? எந்த நாட்டுக்குப் போனாலும் கைகொடுக்கும்" என்றார்.

கைகொடுத்தது. ஆக்லாந்துக்கு வந்ததும் முதலில் கிடைத்த வேலையே அதுதான். வீடு, மகள் விஷாலினியின் படிப்பு எல்லாம் அதிலிருந்துதான்.

போன வருடம் டோக்கியோ நிறுவனம் ஒன்று அந்தப் பழைய கேமை மறுபடி வெளியிட்டது. விஷாலினி அதை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் ஆடி முடித்தாள்.

"மம்! கம் ஹியர்! இட்ஸ் யூ!"

நிர்மலா கை ஈரத்தோடு ஓடி வந்தார். திரையில் 'ஒலி: நிர்மலாதேவி தனபாலன்' என்று நின்றது. அப்பா இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

"தாத்தா பேரும் சேந்து வந்துருக்கு, பாத்தியா?" என்று மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்து ரயில் நிலையத்தில் நின்றபடியே மொரிவாகிக்கு போன் போட்டார். எண்பதைத் தாண்டிய அவருடன் புத்தாண்டுக்கு மட்டும் பேசுவது வழக்கம். தன்னிடம் இருந்த கேமின் உரிமையை, உண்மைப் பெயர்களைப் போட்டால்தான் தருவேன் என்று டோக்கியோ நிறுவனத்திடம் அவர் பிடிவாதம் பிடித்தது அப்போதுதான் தெரிந்தது.

"எங்க அப்பா பேருகூட ஞாபகம் இருந்துச்சா சார்?"

"உங்க முழுப் பேரு போட்ட விசா பாரத்துல வருஷா வருஷம் நான்தானே கையெழுத்துப் போட்டேன்? எப்படி மறக்கும்?"

நிர்மலா போனைக் காதில் வைத்தபடியே, ஜப்பானில் பழகிய விதமாக, இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார். நடைமேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னொரு முறையும் குனிந்தார்.