பெருமாளண்ணை கேட்ட விதி

பெருமாளண்ணை இண்டைக்கு விடிய கண்ணை மூடிட்டார்.

கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்க அவற்ற மகள் போன் எடுத்தவா. "அன்ரி, அப்பா..." எண்டதோட அழுதிட்டா.

என்னோட வேலை செய்த ஆக்களுக்கு அவரைத் தெரியும். மற்றாக்களுக்காகச் சொல்லுறன்... வவுனியாவில எங்கட கந்தோரின்ர கொள்முதல் பிரிவில எனக்குப் பக்கத்து மேசையில இருந்தவர். அரசாங்கக் காசில ஒரு சாமான் வாங்கிறதெண்டாலும் ஒரு கட்டடம் கட்டிறதெண்டாலும் டெண்டர் கேக்கிறதுதான் எங்கட வேலை.

ஆள் நெடுங்கேணிப் பக்கம். தாய் தேப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின ஆக்கள். கோவம் வந்தா மட்டும் மலைநாட்டுப் பேச்சு வெளியில வரும். கோவம் வாறதே குறைவு.

ஒருக்கா பள்ளிக்கூடத்துக்குக் கதிரை வாங்க மூண்டு கடையிட்ட விலை கேட்டிருந்தம். மூண்டு கடையின்ர என்வலப்பையும் ஒரே ஆள், ஒரே மோட்டச்சைக்கிளில கொண்டுவந்து தந்தார்.

பெருமாளண்ணை எழும்பிப் போய், "வாங்கோ தம்பி... மற்ற ரெண்டு முதலாளிமாரும் சுகமா இருக்கினமோ?" எண்டு கேட்டார். வந்தவருக்கு முகம் கறுத்துப்போச்சு.

மூண்டு விலையும் ஒரே ஆள் போட்டது, திரும்ப விலை கேக்கோணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். மேல இருந்தவை, "வருஷம் முடியப்போகுது ஐசே, செலவழிக்காட்டிக் காசு திரும்பிப் போயிடும்" எண்டு கத்திச்சினம்.

காசு திரும்பித்தான் போனது. அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கதிரை போகேல்ல. அவர் அதில பெருமைப்படவும் இல்லை... கொஞ்ச நாள் சாப்பாட்டுப் பாசலைப் பிரிக்காமலே வீட்டை கொண்டுபோனவர்.

பிறகு, கொள்முதல் முறையையே திருத்தப் போறம், புதுச் சட்டம் வரப்போகுது எண்டு கொழும்பில இருந்து ஆக்கள் வந்து கூட்டம் வைச்சினம். பசி நேரம். எல்லாரும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்க இவர் எழும்பினார்.

"டெண்டரில தோத்த ஆளுக்கு ஏன் தோத்தது எண்டு காரணம் சொல்லோணும். அந்தாள் முறைப்பாடு செய்தா, அதை விசாரிச்சு முடியுமட்டும் வேலையை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது."

பின்வரிசையில ஆரோ, "அப்ப நாட்டில ஒரு வேலையும் நடக்காது" எண்டு சொல்லிச் சிரிச்சினம்.

அந்த விதி வந்தது. அவர் கேட்டதாலதான் வந்தது எண்டு நான் சொல்ல வரேல்ல, கன பேர் கேட்டிருப்பினம். ஆனா அண்டைக்கு முழுக் கந்தோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தவர்.

அதுக்குப் பிறகுதான் கிட்னி பழுதாப்போனது... அவற்ற ஊர்ப் பக்கம் கன பேருக்கு வாற வருத்தம்.

கிழமையில ரெண்டு தரம் டயலிசிஸ். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில மெசின் காணாது, காத்திருக்கிற ஆக்கள் கனக்க. அதால விடிய பஸ் ஏறித் தூர இடத்துக்குப் போய் வருவார். திரும்பி வரேக்க நிக்க ஏலாம பஸ் படியில குந்தியிருந்து வாறதாம்.

இஞ்ச புது மெசின் வாங்க டெண்டர் போட்டினம். எங்கட கந்தோர் இல்லை, வேற இடம். ஒரு கொம்பனியைத் தெரிவும் செய்தாச்சு.

தோத்த கொம்பனி முறைப்பாடு குடுத்திட்டுது. எல்லாம் அப்பிடியே நிண்டுபோச்சு.

நான் வவுனியாவுக்குக் கிட்ட, நெளுக்குளத்தில அவர் குடியிருந்த வீட்டை போனனான். கோவத்தோடதான் போனனான்.

"அண்ணை, நீங்கள் எழும்பி நிண்டு கேட்ட விதிதான் இப்ப உங்கட மெசினை மறிச்சு வைச்சிருக்கு."

"என்னவாம் முறைப்பாடு?"

"ஒரு கொம்பனியின்ர மெசினுக்கு மட்டும் பொருந்திறமாதிரி நிபந்தனை எழுதிப்போட்டினமாம்."

"உண்மையோ?"

"உண்மை போலத்தான் கிடக்கு..."

ஊசி குத்திக் குத்தி வீங்கின கையைத் தடவிவிட்டார். "அப்ப மறிக்கத்தானே வேணும், பிள்ளை."

அவற்ற மனுசி சரோஜா அக்கா குசினிக்குள்ள இருந்து வந்தா. "நல்லா மறிக்கட்டும். உங்களைத் தூக்கிக்கொண்டு போனாப் பிறகு ஆறுதலா விசாரிக்கட்டும்." தேத்தண்ணியை என்ர கையில தந்திட்டு வெளியால போயிட்டா.

அவர் மெல்லமாச் சொன்னார். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

தெரிஞ்ச ஆக்களைப் பிடிச்சுக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில கெதியா இடம் எடுப்பமோ எண்டு கேட்டன். வேண்டாமெண்டு தலையாட்டினார். "எனக்கு முன்னால பேர் குடுத்ததுகள் என்ன செய்யும்?"

முறைப்பாடு சரி எண்டுதான் முடிவு வந்தது. திரும்ப டெண்டர் போட்டினம். இந்த முறை கன கொம்பனி போட்டது, விலையும் முந்தினதை விடக் குறைவு எண்டு கேள்வி.

அதைச் சொல்லப் போன் எடுத்தன். "நல்லது... நல்லது..." எண்டவர். மூச்சு வாங்கிறது கேட்டது.

பிறகு, "எப்ப வருமாம்?" எண்டு கேட்டவர். இவ்வளவு காலத்தில அவர் அப்பிடிக் கேட்டது அந்த ஒருக்காத்தான்.

மெசின் இன்னும் வரேல்ல.

இண்டைக்கு மத்தியானம் போய் அவரைப் பாத்தன். சரோஜா அக்கா என்ர கையைப் பிடிச்சவா, விடேல்ல.

ஆரில கோவப்படுறது எண்டும் தெரியேல்ல. களைச்சுப்போச்சு... அவ்வளவுதான்.

நாளைக்குக் காலமை எங்கட கந்தோரில ஒரு டெண்டர் திறக்கிறம். தூர இடங்களில இருந்தும் கடைக்காரர் வருவினம், பிற்போட ஏலாது. போட்ட விலைகளை எல்லாருக்கும் கேக்க வாசிக்கிறது முந்தி அவர். இப்ப நான்.

வாசிச்சு முடிச்ச கையோட வாறன் அண்ணை. உங்களைச் சுடலைக்கு எடுக்க முதல் வந்திடுவன்.