நாற்காலியை விடாத பெண்கள்

சென்ற வாரம் என் கைத்தொலைபேசி ரசத்துக்குள் விழுந்துவிட்டது.

எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தட்டுமாக நின்று அலுவலக விஷயம் பேசினால் வேறெங்கே விழும்? "ஐயோ, ரசம் பழுதாப் போச்சே!" என்றார் என் மனைவி. போனைப் பற்றி ஒரு வார்த்தை... ம்ஹூம்.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும் — எனக்கும் இயந்திரங்களுக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. ஆகவே மறுநாள் காலை, துவாயில் சுற்றிய போனுடன் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போன் திருத்தும் சின்னக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கவுண்டரில் அவருடைய மனைவி.

போனைக் கையில் வாங்கியவர், மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தார்.

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கு சார்."

அவர்தான் செல்வராணி. அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்த பச்சைத் தகட்டை வெளியே எடுத்து, மெல்லிய தூரிகையால் துடைக்கத் தொடங்கினார். வெளியே நல்ல மழை. கடையில் ஒரே ஒரு பெஞ்சு. நான் எங்கே போவது?

"இந்தத் தொழிலை வீட்டுக்காரரிட்டப் பழகினதோ?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இல்லங்க சார். இந்தத் தகடெல்லாம் மலேசியாவுலயே பாத்து அலுத்துப்போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க ஒரு கம்பெனியில இருந்தேன்."

அவ்வளவுதான். போன் காயும்வரை நான் கதை கேட்டேன்.

செல்வராணிக்கு ஊர் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா இல்லை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். தங்கை படிப்பில் கெட்டி. அவளைப் பதுளையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது வீட்டின் ஒரே கனவு. செல்வராணியும் சில காலம் அம்மாவோடு கூடை தூக்கியிருக்கிறார். பிறகுதான் அந்த மலேசியா விஷயம் காதில் விழுந்தது. பண்டாரவளையில் ஓர் ஏஜென்சிக்காரர் எலக்ட்ரொனிக்ஸ் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறாராம்.

நேர்முகத் தேர்வில் ஏஜென்சிக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தோட்டத்துப் பிள்ளைதானே? நல்லது. பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கிற வேலை. உங்களுக்கெல்லாம் அது பழக்கம்."

"அப்ப ஒண்ணும் தோணல சார். அங்க போன பிறகுதான் யோசிச்சேன். கொழுந்து எடுக்கையில நாங்க எங்கங்க நிக்கிறோம்? நடந்துகிட்டே இல்ல இருக்கோம்! ஒரே எடத்துல நின்னு பாருங்க. அது வேற, இது வேற."

யோசித்துப் பாருங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்றாலே நமக்கு நாட்டின் எதிர்காலம் குறித்துக் கவலை வந்துவிடுகிறது!

அந்தத் தொழிற்சாலை பெரிய மண்டபம். குளிரூட்டிய அறை, வெள்ளைத் தரை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி. நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டி. அதன் மேல் வரிசையாக வரும் பச்சைத் தகடுகள். செல்வராணியின் வேலை, விளக்குப் பூட்டிய பூதக்கண்ணாடிக்குக் கீழே தகட்டை வைத்துப் பார்ப்பது. ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் இருந்தால் ஒதுக்கி வைப்பது. உடம்பிலிருக்கும் மின்சாரம் தகட்டைக் கெடுத்துவிடுமாம். அதனால் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டி மாட்டி, அதிலிருந்து ஒரு வயரை மேசையோடு பூட்டியிருப்பார்கள்.

"கட்டிப்போட்ட ஆடுங்க மாதிரி. நல்லவேளை, திங்கக் கொழை மட்டும்தான் போடல!" என்று சிரித்தார் செல்வராணி.

கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கையை உயர்த்த வேண்டும். சுப்பர்வைசர் தலையாட்டினால்தான் வயரைக் கழற்றலாம். பாஸ்போர்ட்? அது வந்திறங்கிய அன்றே மெனேஜரின் அலமாரிக்குள் போய்விட்டது. "பத்திரமா இருக்கட்டும்னு சொன்னாங்க சார். யாருக்குப் பத்திரமோ..."

சுப்பர்வைசரின் பெயர் ராஜன். மலேசியத் தமிழர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுபவர். அவருடைய அப்பா ரப்பர் மரம் சீவியவர். செல்வராணி சிலோனிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ராஜனுக்கு ஒரே மரியாதை.

"சிலோனா? உங்க ஆளுங்கதான் லா எங்க தோட்டத்துல பெரிய கிராணி! எங்க அப்பாவைப் போட்டு வெரட்டுவாங்க. நீ என்னம்மா இங்க வந்து நிக்கிறே?"

செல்வராணி சொன்ன பதில்: "அது வேற சிலோன் அண்ணே. நாங்க உங்க அப்பா மாதிரி சிலோன்."

இதைச் சொல்லிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் பேச்சிலிருந்தே நான் அந்த வடபகுதிக் கிராணிமாரின் சிலோன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டமொன்றில் கிராணியாராக, அதாவது தோட்டக் கணக்கராக, இருந்தவர்தான். நான் மழையைப் பார்த்தேன்.

செல்வராணிக்கு அடுத்த இடத்தில் நின்றவள் குமாரி. வெலிமடைச் சிங்களப் பிள்ளை. ஈயம் வைக்கும் வேலை. சூடான ஊசி போன்ற கருவியை நாள் முழுக்கப் பிடித்திருக்க வேண்டும், புகை முகத்துக்கே வரும். இரண்டு பேரும் ஊரில் இருந்திருந்தால் பஸ்ஸில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். அங்கேயோ ஒரே அறை, ஒரே அடுப்பு. செல்வராணி ரொட்டி தட்டுவார், குமாரி சம்பல் இடிப்பாள்.

குமாரிக்குக் கால் வீங்கத் தொடங்கியது. செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீக்கம். அறைக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்பாள். ஒரு நாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போது முழங்கால் மடிந்தது. விழாமலிருக்க மேசையைப் பிடிக்கப் போனவள், ஈயக் கருவியின் மேலேயே கையை வைத்துவிட்டாள்.

"அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு சார்" என்றார் செல்வராணி. தூரிகை சற்று நின்று, பிறகு நகர்ந்தது.

கையில் மருந்து போட்டுக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் குமாரியை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலை எப்படிச் செய்வது? மற்றக் கை இருக்கிறதே!

ராஜனிடம் போய் செல்வராணி கேட்டார். "அண்ணே, அவளுக்கு ஒரு ஸ்டூலாவது குடுங்களேன்."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க லா. பாஸ் என்னைத் தூக்கிடுவாரு."

அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் நாற்காலி கிடையாது!

இப்படியிருக்கையில் ஒரு நாள் காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தால்... என்ன ஆச்சரியம்! ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு நாற்காலி. நீல நிறம், முதுகு சாய வசதி, புத்தம் புதிது. பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை.

கழற்றவும் கூடாதாம். ராஜன் வரிசை வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தொழிற்சாலையில் சாமான் வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். கேள்வி கேட்டால் "யெஸ்" சொல்ல வேண்டும். குமாரி மட்டும் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்தார்கள். கோட் போட்ட ஒருவர், கமராவோடு ஒருவர், சிரித்த முகத்தோடு ஓர் அம்மணி. அம்மணி குமாரியிடம் குனிந்து "ஆர் யூ ஹெப்பி?" என்று கேட்டார். குமாரி "யெஸ்" என்றாள். அவர்களுக்குத் திருப்தி. தேநீர் குடிக்க மேல்மாடி அறைக்குப் போனார்கள்.

நம் ஊரில் அமைச்சர் வரும்போது மட்டும் வீதிக்குத் தார் போடுவார்களே... அதே கதைதான். கடல் கடந்தாலும் புத்தி ஒன்றுதான்!

அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள் — நாற்காலிகளை எடுத்துப் போக. வரிசையின் மறுகோடியில் ஆரம்பித்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். பொலித்தீன் சரசரவென்றது.

குமாரியும் எழும்பப் போனாள். கையொன்றுதானே? தடுமாறினாள்.

"அவளைப் பாத்தேன் சார். எனக்கு என்னமோ வந்திச்சு. 'வாடி வென்ன'ன்னேன். சிங்களத்துல ஒக்காருன்னு. அப்புறம் நானும் எழும்பல."

ராஜன் ஓடிவந்தார். "எந்திரிங்க லா! நாற்காலி போகணும்!"

செல்வராணி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வேலை நிக்கலையே அண்ணே... நாங்களும் நிக்கல."

ராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாராம். ஆனால் அதற்குள் அந்தப் பக்கமிருந்த நேபாளப் பெண் ஒருத்தி, எழும்பியவள் மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தது வியட்நாம் பிள்ளை. அவளும் உட்கார்ந்தாள். இந்தோனேசியாக்காரி ஒருத்தி, தூக்கிக்கொண்டு போன நாற்காலியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். யாருக்கும் யாருடைய பாஷையும் தெரியாது. ஆனால் உட்காருவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ன?

பட்டி ஓடிக்கொண்டே இருந்தது. தகடுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாக் கைகளும் வேலை செய்தன. வேலைநிறுத்தம் என்று சொல்லவும் வழியில்லை!

மெனேஜர் வந்தார். மேலே விருந்தினர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களே... கத்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாராம், யார் இதைத் தொடங்கினாளோ அவள் நாளைக்கே விமானத்தில் ஏறிவிடுவாள் என்று.

"பயமா இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லாமயா சார்? தங்கச்சி மொகம்தான் கண்ணு முன்னால. பாதியில திரும்பிப் போனா அவ படிப்பு என்னாகும்? எழும்பிருவோமான்னு கூட நெனச்சேன். திரும்பிப் பாத்தா, குமாரி அழுதுகிட்டே ஈயம் வச்சுக்கிட்டு இருக்கா. ஒத்தக் கையால. அப்புறம் எங்கங்க எழும்புறது?"

மெனேஜர் ராஜனைப் பார்த்துக் கேட்டார், யார் முதலில் என்று. ராஜனுக்குத் தெரியாதா? அவர் கண் முன்னால்தானே நடந்தது! அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் ஒரே நேரத்துல பாஸ்... நான் சரியாப் பாக்கல" என்றாராம்.

எனக்கு அந்த ராஜனை ரொம்பவும் பிடித்தது. பெரிய வீரம் ஒன்றுமில்லை. நான் பார்க்கவில்லை என்று ஒரு பொய். ஆனால் அதற்காக அவருடைய வேலையே போயிருக்கலாம்!

மேலே விருந்தினர்கள் இருந்ததால் மெனேஜர் அப்போதைக்கு விட்டுவிட்டுப் போனார்; வேலை முடியும்வரை எல்லோரும் உட்கார்ந்தே செய்தார்கள். அன்றைக்கு அறைக்குப் போனதும் செல்வராணி பெட்டியைக் கட்டி வைத்தார். மறுநாள் வேலைக்குப் போனார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்... இவர்களுடைய வரிசையில் மட்டும் நாற்காலிகள் அப்படியே இருந்தன. பொலித்தீன் உறைகளைக் காணோம்.

என்ன நடந்தது? உட்கார்ந்து செய்த அந்த நாளில் பழுதான தகடுகள் வழமையைவிடக் குறைவாம். ராஜன் அதை மெனேஜரிடம் மெல்லப் போட்டு வைத்திருக்கிறார். மனிதரின் கால் வீக்கம் புரியாதவர்களுக்குத் தகட்டின் பழுது உடனே புரிந்துவிடும். சில மாதங்களில் மற்ற வரிசைகளுக்கும் ஸ்டூல்கள் வந்தன.

எல்லாம் சுபமா என்றால், இல்லை. யார் தொடக்கிவைத்தது என்பதை மெனேஜர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். செல்வராணியைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி கிடையாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிற வேலை. பாஸ்போர்ட்டும் ஒப்பந்தம் முடிகிறவரை அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

"நடக்கிற வேலைதானே சார்? தண்டனைன்னு நெனச்சு நமக்குப் பழக்கமான வேலையைக் குடுத்துட்டாங்க!"

குமாரியின் கையில் தழும்பு இருக்கிறதாம். இப்போது வெலிமடையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் பலகாரம் கொண்டு வருவாளாம். தங்கை? பசறைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்கு டீச்சர்.

என் போன் உயிர் பெற்றுச் சிணுங்கியது. மழையும் விட்டிருந்தது. நம் நாட்டில் நாற்காலிக்காக நடக்கும் சண்டைகளை நாள்தோறும் பத்திரிகையில் வாசிக்கிறோம். கட்சி மாறுகிறார்கள், கொள்கை மாறுகிறார்கள், மேடையில் கண்ணீர்கூட விடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவளின் கால் வலிக்கிறதே என்று நாற்காலியைப் பிடித்த ஆளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் சந்தித்தேன்.

"அப்ப நீங்கள்தான் அங்க தலைவி எண்டு சொல்லுங்கோ" என்றேன் எழும்பிக்கொண்டே.

செல்வராணி பதறிப்போனார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லங்க சார்! தலைவின்னா எழும்பி நின்னு பேசணுமே... நாங்கதான் எழும்பவே இல்லையே!"