ஒரே நீலச் சட்டை

வதனி அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எனக்குத் தந்த இந்தப் பக்கத்தில், அவருடன் வேலை செய்த உங்களுக்கு மனம் நொந்தாலும், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்.

செய்தி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பரந்தன் வீதியில் ஒரு ஸ்கூட்டியை டிப்பர் அடித்துவிட்டது, விழுந்து கிடக்கும் பெண் என் அக்காவின் அலுவலகத்து நீல ரீசேட் சட்டை போட்டிருக்கிறார் என்று எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர் வந்து சொன்னார். அம்மா செருப்பில்லாமல் ஆசுபத்திரிக்கு ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். சற்று நேரத்தில் என் சொந்த அக்கா அலுவலகத்திலிருந்து அங்கே வந்து இறங்கினாள். உள்ளே கிடப்பது அவள்தான் என்று நினைத்திருந்த அம்மா, அதே சட்டையில் அவளைக் கண்டதும் கிட்டப் போகாமல் பின்னால் நகர்ந்தார். அன்று வேலைக்கு இன்னும் வந்து சேராதவர்கள் மூன்று பெண்கள். முகம் அடிபட்டுச் சிதைந்திருந்ததால், உள்ளே கிடப்பவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பள்ளி முடிந்தால் அக்காவுக்காக உங்கள் கணினி அலுவலகத்தின் மூலையில் புத்தகத்தோடு காத்திருப்பேன். நீங்கள் எல்லோரும் ரீசேட்டும் செருப்புமாக இருப்பீர்கள். வதனி அக்கா மட்டும் விசுவமடுவிலிருந்து மினுக்கிய, மடிப்புக் குலையாத சேலையில் வருவார்.

"அக்கா, இண்டைக்கு ஆற்ற கலியாணம்?" என்பார் நிரோசன் அண்ணா.

"உன்ரதான். பொம்பிளைதான் இன்னும் சம்மதிக்கேல்லை."

ஏன் எப்போதும் சேலை என்று ஒரு மழை நாளில் நானும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசிச் சண்டையில தங்கச்சியைத் தேடிப் போனனான். அங்க செத்துக் கிடந்த பிள்ளையளுக்கு எல்லாம் நிவாரணத்தில குடுத்த ஒரே துணிச் சட்டை. எது என்ர தங்கச்சி எண்டு பிடிக்கேலாமப் போச்சு. ஆள் அடையாளம் உடுப்பிலதான் பிள்ளை இருக்கு."

அதனால் ஒவ்வொரு காலையும் படலையில் நின்று, தன் மகன் கவினிடம் சேலையின் நிறத்தையும் கரையையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவாராம்.

அலுவலகத்தின் ஆண்டு நிறைவுக்கு எல்லோருக்கும் ஒரே நீல ரீசேட் வந்தபோது, அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஒரு நாள்தானே, அக்கா," என்றார் மேலாளர்.

"ஆளை அடையாளம் தெரியாமப் போக ஒரு நாளே காணும், தம்பி."

நீங்கள் சிரித்தீர்கள். அவர் சட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அந்த ஆண்டு நிறைவு நாளில்தான் விபத்து நடந்தது. ஆசுபத்திரிக்குக் கவின் பள்ளிச் சீருடையிலேயே வந்தான்.

"அம்மா என்ன உடுத்தவா?" என்று தாதி கேட்டார்.

"நீல ரீசேட்."

"எல்லாருக்கும் அதுதானே, தம்பி."

"கீழ் மடிப்பைப் பிரட்டிப் பாருங்கோ. சேலைக் கரை ஒண்டு வைச்சுத் தைச்சவா. மெரூன். காலமை என்னைச் சொல்ல வைச்சவா."

தாதி உள்ளே போனார். திரும்பி வந்து, எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அவனுடைய கையை மட்டும் பிடித்தார்.

நான் வதனி அக்காவிடமிருந்து வைத்துக்கொண்டது அந்த மடிப்பைத்தான். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் வெள்ளைச் சீருடை. என்னுடையதன் உள்மடிப்பில் மஞ்சள் நூலால் ஒரு பூ தைத்திருக்கிறேன். அக்காவின் சட்டைகளிலும் தைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரியிலிருந்து தன் சட்டை ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"நாளைக்குத் தை," என்று சொல்லி விளக்கை அணைத்தார்.